கடைக்குப் போய்வரும் வழியில்: அன்றாட வேலைகளில் நன்றியுணர்வைப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

பால் வாங்குவது, மிளகாயை மில்லில் கொடுத்து அரைத்து வருவது, தையல் கடையில் கொடுத்த ஜாக்கெட் தயாரா என்று கேட்டு வருவது, ரேஷன், கேஸ், கரண்ட் பில். வீட்டுக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் வெளியே நாம் நடமாடும் நேரம் பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது. இதையெல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டால் அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிடுகின்றன. முடிவதும் இல்லை. நாளைக்கும் பால் வாங்க வேண்டும்.

அந்த நேரத்தை எப்படி மனநிறைவோடு வாழ்வது என்பதற்கான வழிமுறைகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மதுரைக்காரி, உதாரணங்களும் இந்த ஊரிலிருந்தே வரும். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நான் நம்புவது ஒன்றைத்தான். ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி தெரிந்தால் நன்றி தானாக வரும். கண்ணை மூடி உட்கார்ந்து அதை வரவழைக்க வேண்டியதில்லை. கடைக்குப் போவது இதற்கு மிகப் பொருத்தமான நேரம். அந்த நீண்ட வழியின் கடைசி ஆள் நமக்கு நேர் எதிரே நிற்கிறார்.

படி 1: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா வேலையையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். அடிக்கடி செய்கிற, வாரம் ஒரு தடவையாவது வருகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போகும் தூரத்தில் இருக்கட்டும். முக்கியமாக, அங்கே ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிய வேண்டும். காய்கறி, பூ, பால், மளிகை, மாவு மில், நூலகம் எல்லாம் இதற்குத் தோதானவை.

ஆஸ்பத்திரி, வங்கிக் கடன், பட்டா மாறுதல் மாதிரி மனசை அழுத்தும் காரியங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கே பதற்றம்தான் முதலில் வரும், அது இயல்பு.

எல்லாவற்றையும் செல்போனில் ஆர்டர் போடுகிறவர்கள் ஒரு பொருளையாவது நேரில் வாங்கும் பழக்கத்துக்குத் திரும்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசலில் பையை வைத்துவிட்டு ஓடுகிற பையனுக்கு நம்மோடு பேச ஒரு நிமிடம்கூடத் தரப்படுவதில்லை. அவனை நிறுத்தி வைத்துப் பேசினால் அது அவனுக்குத் தொந்தரவு. தேர்வு செய்ய உங்களுக்கு வசதி இருந்தால், பேச நேரமுள்ள ஒருவரிடம் போய் வாங்குங்கள்.

படி 2: அவசரத்துக்கான காரணங்களை வீட்டிலேயே சரிசெய்யுங்கள்

கடையில் எரிச்சல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கடை இல்லை. சில்லறை இல்லை, பை இல்லை, என்ன வாங்க வந்தோம் என்பது மறந்துவிட்டது, ஸ்கூல் வேன் வருவதற்குள் திரும்ப வேண்டும். இதில் பாதியைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடலாம்.

பட்டியலைக் கடை அடுக்கியிருக்கும் வரிசையில் எழுதுங்கள். பருப்பு ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம் என்று திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்காது. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைத் தனியாக வையுங்கள். ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறவர்களும் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது. நெட் சுற்றிக்கொண்டே இருக்கும்போது பின்னால் நிற்பவரின் பொறுமையும் சேர்ந்து போகிறது. மஞ்சப்பை ஒன்று எப்போதும் கைப்பையில் கிடக்கட்டும். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அதைக் கையில் பிடிக்கும் கூச்சமும் போய்விட்டது. வழக்கமாக ஆகும் நேரத்தோடு கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் கீரையில் ஈரம் காய்ந்திருக்காது, விற்கிறவரும் தெம்பாக இருப்பார். வெயில் ஏறியபின் போனால் மிச்சம்தான் கிடக்கும். அவருக்கும் ஊருக்குப் பஸ் பிடிக்கும் கவலை வந்திருக்கும். முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே தன் காயைக் கொண்டுவந்து விற்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். விலைப் பலகை வாசலில் இருக்கும், பேரம் பேசும் வேலை இல்லை. பேரத்துக்குப் போகிற மூச்சு மிச்சமாகிறது, அதை நல்ல பேச்சுக்குச் செலவழிக்கலாம்.

செல்போன் பைக்குள் இருக்கட்டும். கையில் வேண்டாம்.

படி 3: ஒரு பொருள் வந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த வேலையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது இதற்கு முன் யார் யார் கையில் இருந்தது என்று பின்னோக்கிப் போங்கள். ஊகத்தில் விடாமல் விசாரியுங்கள், படியுங்கள். நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட மூன்றைச் சொல்கிறேன்.

முதலில் பால். ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் இருப்பது 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்தப்பட்ட பால். அதற்கு முந்தைய கதை ஏதோ ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் தொடங்குகிறது. விடியும் முன்பே மாட்டைக் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். கொழுப்பும் மற்ற சத்தும் எவ்வளவு என்று சோதித்து, அதை வைத்துத்தான் விலை. மறுபடியும் மாலையில் இதே வேலை. கல்யாணம், காய்ச்சல், தீபாவளி என்று எதற்காகவும் மாடு மடியை நிறுத்தி வைக்காது. வாங்கிய பாலை 4 டிகிரிக்குக் குளிர வைத்து, டேங்கரில் பால் பதப்படுத்தும் ஆலைக்குக் கொண்டுவந்து, 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர்வித்து, பாக்கெட்டில் அடைத்து, நடுராத்திரியில் வண்டி ஏற்றி, நாம் எழும் முன் கடை வாசலில் தட்டுகளை அடுக்கிவிடுகிறார்கள். இவ்வளவும் தெரிந்தபின் பால் பாக்கெட்டைச் சாதாரணமாகக் கத்தரிப்பது சிரமம்.

அடுத்தது மல்லிகை. இது எங்கள் ஊர் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தச் செடியின் பிறந்த வீடு மதுரை இல்லை. நாற்றுகள் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்து மணலில் வேர் பிடித்து இங்கே வருகின்றன. கடலோர மணலில் பதியம் போடுவதைத் தொழிலாகவே செய்கிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. இங்கே வந்து திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் அது மணம் பிடிக்கிறது.

மல்லிகையை மலர்ந்த பிறகு பறித்தால் பயன் இல்லை. சாயங்காலம் விரியப்போகிற மொட்டை அன்று காலையிலேயே, வெயில் உறைக்கும் முன் பறித்துவிட வேண்டும். எது இன்றைக்கு விரியும், எது நாளைக்கு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிற கண்கள் வேண்டும். பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். குனிந்த இடுப்பு நிமிராமல் ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டுகள் வேண்டும் என்றால் எத்தனை தடவை விரல் மடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அது மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கோ நிலக்கோட்டைக்கோ போகிறது. மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். பங்குனி, சித்திரை வெயிலில் கொட்டிக் கிடக்கும். அங்கிருந்து கூடையில் வாங்கி வந்து, நாரில் இரண்டு இரண்டாக வைத்துக் கட்டி, முழம் போட்டு அளந்து நம் கையில் தருகிறார் தெருமுனைப் பூக்கார அக்கா. நாம் தலையில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அது விரிய ஆரம்பிக்கிறது. இத்தனை பேருடைய வேலை நேரமும் அந்த ஒரு மாலைப் பொழுதுக்காகவே கணக்கிட்டு ஓடியிருக்கிறது.

மூன்றாவது தண்ணீர். குடத்தோடு தெருக்குழாயில் நிற்பதும் வெளிவேலைதான். மதுரை குடிக்கும் வைகை அணைத் தண்ணீரில் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்தே வருகிறது. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. கட்டி முடித்தவர் ஜான் பென்னிகுக். தேனி மாவட்ட விவசாயிகள் இன்றும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். கூடலூர் அருகே லோயர் கேம்ப்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த மக்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

செய்முறை இதுதான்: வாரம் ஒரு பொருள். கடைக்காரரிடம் ஒரு கேள்வி, வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிப்பு. புளி, பெருங்காயம், ஊதுவத்தி, தீப்பெட்டி என்று போய்க்கொண்டே இருக்கலாம். எந்தப் பொருளை எடுத்தாலும் அதன் பின்னால் ஊர்களும் கைகளும் வரிசையாக நிற்கும்.

படி 4: எதிரில் நிற்பவரிடம் பேசுங்கள்

கனடாவில் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு காபிக் கடையில் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வாடிக்கையாளர்களில் ஒரு பாதியினரைக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மறு பாதியினரிடம் பணத்தைக் கையில் தயாராக வைத்து, பேச்சு வளர்க்காமல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். பேசியவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு வெளியே வந்தார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஆனாலும் நாம் வேகமாக இரண்டாவது பாதியாக மாறிக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பேச்சை எங்கே தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு: சரக்கிலிருந்து தொடங்குங்கள்.

"என்னக்கா, மல்லி இன்னைக்கு இவ்வளவு மலிவா இருக்கு?"

"வெயில் ஏறிருச்சுல்லம்மா, வரத்து கூடிருச்சு. இன்னொரு முழம் வச்சுக்க, சாமிக்குப் போடு."

இவ்வளவு போதும். அவருடைய தொழிலறிவை மதித்துக் கேட்கிற கேள்வி எதுவும் பேச்சைத் திறக்கும். "இந்தக் கத்தரிக்கா எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஆகுமாண்ணே?", "இந்த அரிசி பழசா, தண்ணி எவ்வளவு வைக்கணும்?" என்று கேளுங்கள். சொந்த விஷயங்களை, சம்பளத்தை, பிள்ளைகளின் கல்யாணத்தை முதல் நாளே துருவ வேண்டாம். அவராகச் சொல்லும் நாள் வரும். வயதுக்குத் தக்க அண்ணே, அக்கா, தம்பி, அம்மா, ஐயா என்று கூப்பிடுங்கள். "ஏய்", "இந்தாப்பா" என்று கூப்பிட்டு வாங்குகிற பொருளில் எந்த நிறைவும் இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னால் ஆள் நிற்கும்போது பேச்சை நீட்டாதீர்கள். கூட்ட நேரத்தில் ஒரு தலையசைப்பும் சரியான சில்லறையும்தான் மரியாதை.

பஸ்ஸிலும் இது பொருந்தும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முன்பு பஸ் காசை நினைத்தே பக்கத்துக் கடையோடு நின்றுவிட்ட பெண்கள் இப்போது சந்தை வரைக்கும், கோயில் வரைக்கும், அம்மா வீடு வரைக்கும் யோசிக்காமல் போய்வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்து எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் கண்டக்டரிடம் இறங்கும்போது "வரேண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

படி 5: போகிற வழியில் ஒரு சின்ன சுகம், அதை முழுதாக

வெளிவேலை ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன சுகத்தைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். ஒன்று மட்டும். மதுரையில் எனக்கு அது பருத்திப்பால். பருத்தி விதையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவு கரைத்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேங்காய்ப் பூ தூவித் தருவார்கள். சூடாகத் தொண்டையில் இறங்கும்போது சுக்கின் காரம் கடைசியில்தான் தெரியும். மாடு தின்னும் பருத்திக்கொட்டையிலிருந்து இப்படி ஒன்றை முதலில் காய்ச்சிப் பார்த்த கை எதுவோ, அதைக் கும்பிடத் தோன்றும்.

உங்களுக்கு அது வேறாக இருக்கலாம். பஸ்ஸில் நிழல் விழும் பக்கத்து ஜன்னல் சீட், மாவு மில்லில் அரைத்த மிளகாய்த்தூளின் சூடு பை வழியாகக் கைக்கு ஏறுவது, பழைய புத்தகக் கடையில் கால் கடுக்க நிற்பது, மாசி வீதியில் யாரோ வறுக்கும் கடலையின் வாசனை. காசு செலவாகாதவையே அதிகம்.

அனுபவிப்பதற்குச் சில விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். நின்றோ உட்கார்ந்தோ ஓரிடத்தில் இருந்து குடியுங்கள், நடந்துகொண்டே வேண்டாம். படம் எடுப்பதானால் முடித்தபின் காலி டம்ளரை எடுங்கள். முதல் மூன்று வாய்க்காவது வேறு எதையும் யோசிக்காதீர்கள். கூட ஆள் இருந்தால் அதைப் பற்றியே பேசுங்கள், "இன்னைக்கு ஏலக்காய் தூக்கலா இருக்குல்ல?" என்று சொல்லும்போது ருசி இன்னும் கூடுகிறது.

தினமும் வேண்டாம். எதையும் தினமும் செய்தால் நாக்கு மரத்துவிடும். ஜோர்டி க்வாட்பக், எலிசபெத் டன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாரம் சாக்லேட்டை விட்டிருந்தவர்கள், மறுபடி சாப்பிட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடாத வீடுகளில் ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு கொதிக்கும்போது இருக்கும் குதூகலத்தை நினைத்துப் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரத்துப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் அப்படித்தான். விட்டுப் பிடிப்பதன் அருமை நம் வீடுகளுக்குப் பழக்கமானது. அதைச் சின்னச் சின்ன விஷயங்களுக்கும் கொண்டுவந்தால் போதும்.

படி 6: "இது இல்லாமல் போயிருந்தால்?"

இருப்பதை நினைத்து மகிழ்வதைவிட, அது கிடைக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எண்ணிப் பார்ப்பது சில நேரம் ஆழமாக வேலை செய்கிறது. 2008இல் மின்கியுங் கூ தலைமையில் வெளியான ஓர் ஆய்வில், தன் துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, எப்படியெல்லாம் சந்திக்காமலே போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு அந்த உறவில் நிறைவு கூடியது.

நம் தலைமுறைக்கு இந்தப் பயிற்சி எளிது, 2020 இன்னும் நினைவில் இருக்கிறது. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது டீக்கடை அடுப்பு அணைந்தது. பஸ் நின்றது. பூ மார்க்கெட் மூடியதால் வாங்க ஆளின்றி மல்லிகை செடியிலேயே பூத்து வாடியது. காய் வாங்கப் போவதற்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு நாம் ஏங்கியது வெளிநாட்டுப் பயணத்துக்கு இல்லை. முனைக் கடை வரைக்கும் சும்மா நடந்துபோய், தெரிந்த முகத்தைப் பார்த்து, ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குத்தான். அந்த மாதங்களில் யாரையாவது இழந்த வீடுகளுக்கு இதை நினைப்பதே வலி. அப்படியானவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மற்றவர்கள் மாதம் ஒரு முறை, வரிசையில் நிற்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கடை நாளை முதல் இல்லை என்றால் நான் எதையெல்லாம் தேடுவேன்?

படி 7: வாரம் ஒரு முறை எழுதுங்கள்

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா இருவரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு நன்றியுணர்வு பற்றிய ஆராய்ச்சியில் அடிக்கடி பேசப்படுவது. ஒரு குழு நன்றிக்குரியவற்றில் ஐந்து வரை வாரம்தோறும் பத்து வாரம் எழுதியது; இன்னொரு குழு எரிச்சல்களை எழுதியது; மூன்றாவது குழு வெறும் நிகழ்வுகளை. முதல் குழுவினர் மற்றவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். பின்னர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் பார்த்தபோது, வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குக் கிடைத்த பலன் வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடிக்கடி எழுதினால் அதுவும் ஒரு கடமையாகி உலர்ந்துபோகிறது போலும். அதனால் தினமும் எழுத வேண்டுமே என்று பயப்பட வேண்டாம்.

தனி நோட்டு, நல்ல பேனா என்றெல்லாம் தேட வேண்டியதில்லை. மளிகைப் பட்டியல் எழுதிய காகிதத்தின் பின்பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரவு அவற்றைச் சேர்த்து ஒரு டப்பாவில் போடுங்கள்.

எப்படி எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். "குடும்பம், ஆரோக்கியம், கடவுள்" என்று எழுதினால் அடுத்த வாரமும் அதையேதான் எழுதுவோம். ஆள், பொருள், செயல் மூன்றும் இருக்கட்டும். இப்படி:

"மில்காரண்ணன் என் கொத்தமல்லிக்கு முன்னாடி வேற யாரோட மிளகாயோ ஓடினதால கல்லைத் துடைச்சு, கொஞ்சம் அரிசி போட்டு ஓட்டிட்டு அப்புறம் அரைச்சாரு."

"தையல் அக்கா கேட்காமலே ஜாக்கெட் உள்பக்கம் துணி விட்டு வச்சிருக்காங்க, நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்."

"சிம்மக்கல் நூலகத்துல மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைச்சுது."

மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நூலகங்கள் 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் கீழ் நடப்பவை. வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரியில்தான் அவை ஓடுகின்றன. முகம் தெரியாத யாரோ கட்டிய வரியில் நான் விசிறிக் காற்றில் படிக்கிறேன், என் வரியில் இன்னொரு ஊரில் ஒரு பிள்ளை போட்டித் தேர்வுக்குப் படிக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

படி 8: திருப்பிக் கொடுங்கள்

உணர்ந்ததோடு நிறுத்தினால் அது நமக்கு மட்டும் இனிக்கும் விஷயமாகப் போய்விடும். எதிரில் இருப்பவருக்கு அதனால் ஏதாவது கிடைக்க வேண்டும்.

கூடையில் பூ விற்பவரிடம், கீரைக்கட்டு விற்கும் பாட்டியிடம் பேரம் பேசாதீர்கள். தையல் கூலியை, செருப்புத் தைத்த கூலியை அன்றைக்கே கொடுங்கள். "அப்புறம் வரேன்" என்ற சொல்லுக்கு அவர்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு காத்திருக்கும். சிலிண்டர் தூக்கி மாடியேறி வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு ரசீது. தெருவைக் கூட்டுகிறவர்களுக்குக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரிய உபகாரம். கண்ணாடித் துண்டைத் தனியே காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுப்பது நல்லதுதான், ஆனால் வருடம் முழுக்க அவர்கள் கையை அறுக்காமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

ஜவுளிக்கடையில் ஒன்று செய்யலாம். நமக்காகச் சேலையை விரித்து விரித்துக் காட்டும் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த காலம் உண்டு. கடைகளில் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகத்தில் சட்டமே வந்தது. ஆனாலும் வாடிக்கையாளர் வந்ததும் பதறி எழுவது நிற்கவில்லை. "உட்கார்ந்தே காட்டும்மா, எனக்கு அவசரம் இல்லை" என்று நாம் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் காதில் விழும்படியாக.

வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். அமித் குமார், நிக்கலஸ் எப்லி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லிக் கடிதம் எழுதியவர்கள் அதைப் பெற்றவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு அதிகமாகவே பயந்தார்கள். பெற்றவர்களோ எழுதியவர்கள் நினைத்ததைவிட மகிழ்ந்தார்கள். நம் ஊரில் இதைக் கடிதமாக எழுத வேண்டாம். "நீங்க அன்னைக்குச் சொன்ன பக்குவத்துல வச்சேன், குழம்பு அருமையா வந்துச்சுண்ணே" என்று போய்ச் சொல்லுங்கள். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது.

ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, தராசு, ஆட்டோ, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். சந்தைப் பையையும் அதில் சேருங்கள். துவைத்துக் காயவைத்து, பிய்ந்த காதைத் தைத்து வையுங்கள்.

நன்றி சொல்லத் தேவையில்லாத இடங்கள்

எடை குறைந்தால் கேளுங்கள். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது, அது உரிமை. புழு அரிசியைக் கொடுத்துவிட்டு இலவசம்தானே என்று சொன்னால் அதற்குத் தலையாட்ட வேண்டிய அவசியம் இல்லை, 1967 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். வெயிலில் வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு பந்தல் போடச் சொல்லிக் கேட்பதும், காலை முதல் மூட்டை அளக்கும் ஊழியரை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. கோபத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆளையும் மதியுங்கள்.

உடம்புக்கு முடியாத நாளில், துக்கத்தில், கையில் காசில்லாத வாரத்தில் இந்தப் படிகள் எதையும் செய்ய வேண்டாம். வேலையை முடித்துவிட்டு வந்து படுங்கள். அடுத்த வாரமும் சந்தை கூடும்.

வீட்டில் இந்த வேலையைச் செய்வது யார்?

இதைக் கடைசியில் வைத்தாலும் எனக்கு இது முக்கியம். பல வீடுகளில் மேலே சொன்ன எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அது அம்மா, அல்லது மனைவி. அவரிடம் போய் "எல்லாத்தையும் ரசிச்சுச் செய்யுங்க" என்று சொல்வது அநியாயம். முதலில் சுமையைப் பிரியுங்கள்.

இந்த வாரம் ஒரு வேலையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நிரந்தரமாக. எடுக்கும்போது அவரிடமே விவரம் கேளுங்கள். எந்தக் கடையில் எடை சரியாக இருக்கும், எந்த அண்ணனிடம் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தால் கோபப்படுவார், எந்தக் கிழமை கருவேப்பிலை சும்மா கிடைக்கும், யார் வீட்டில் போன மாதம் விசேஷம் நடந்தது என்று ஒரு பெரிய ஊர்வரைபடமே அவர் மனசில் இருக்கும். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு. சனிக்கிழமை காலை அந்தப் பட்டியலோடு நீங்கள் கிளம்புங்கள். முதல் தடவை முற்றின வெண்டைக்காயாக வந்தாலும் அடுத்த வாரமும் நீங்களே போங்கள்.